ஊர்ப் பள்ளிக்கு நிதி: கல்விச் சீரா, முன்னாள் மாணவர்களா, கம்பெனியா, கிராம சபையா?

ஐம்பது அறுபது பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், ஒரு சமையற்கூடம், அடிக்கடி பழுதாகும் ஒரு மோட்டார். தமிழ்நாட்டுக் கிராமங்களில் பல ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் இந்த அளவில்தான் இருக்கின்றன. இப்படி ஒரு பள்ளியின் மேலாண்மைக் குழுவில் உறுப்பினராகச் சேர்ந்தால் முதல் கூட்டத்திலேயே அந்தப் பேச்சு வந்துவிடும். பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும், காசுக்கு எங்கே போவது? ஊரார் சீர்வரிசை போலப் பள்ளிக்குப் பொருள் கொண்டுவந்து கொடுக்கும் கல்விச் சீரை நடத்தலாம் என்பார் ஒருவர். வாட்ஸ்அப்பில் பழைய மாணவர்களைச் சேர்க்கலாம் என்பார் இன்னொருவர். கம்பெனி யாரையாவது பார்க்கலாம், வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடலாம், எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கலாம் என்று வரிசையாக வரும். எல்லாமே நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் எந்த வழியைப் பிடிக்கிறோமோ அதற்கேற்றபடி பள்ளியும் மாறும்.

ஒரு வழியில் எவ்வளவு பணம் வரும் என்பதை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். பணம் வந்த பிறகு பள்ளியில் யார் பேச்சு எடுபடும் என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. அடுத்த வருஷமும் வருமா என்பது இரண்டாவது. கொடுத்தவர் பக்கம் பள்ளியின் காது சாய்வது இயல்பு. அதனால் எந்தக் கை கொடுக்க வேண்டும் என்பதை யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கையில் ஏற்கெனவே இருப்பது

வசூலைப் பற்றிப் பேசும் முன், பள்ளிக்கு வந்துகொண்டிருக்கும் பணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல ஊர்களில் பெற்றோர்களுக்கு இது தெரிவதே இல்லை. ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டுதோறும் பள்ளி மானியம் உண்டு. பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத் தொகை. முப்பது பேர் வரை 10,000 ரூபாய், நூறு பேர் வரை 25,000, அதற்கு மேல் 250 பேர் வரை 50,000. இதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். அறுபது பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு 25,000 என்று வைத்துக்கொண்டால், சுத்தத்துக்கு 2,500. மாதத்துக்கு இருநூறு ரூபாய் சொச்சம். ஃபினாயில், பிளீச்சிங் பவுடர், துடைப்பம், கை கழுவ சோப்பு எல்லாம் அந்த இருநூறில் அடங்க வேண்டும். அடங்காது.

அந்த 25,000 ரூபாயும் ஜூன் மாதம் சரியாக வந்துவிடும் என்று நம்பி உட்கார முடியாது. பி.எம்.ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024–25இல் ஒன்றிய அரசு இந்தத் திட்டத்துக்கான தன் பங்கு 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவே ஏற்படும் இழுபறி, கடைசியில் ஒரு கிராமத்துப் பள்ளியின் சாக்பீஸ் செலவு வரை வந்து நிற்கும்.

அப்புறம் சட்டம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும் இந்தக் குழுவின் வேலை. 2022 மார்ச் 20ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாட்டின் எல்லா அரசுப் பள்ளிகளிலும் ஒரே நாளில் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். அதன் பிறகு குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 2024இல் மறுபடியும் குழு அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். ஆக, அதிகாரம் காகிதத்தில் பெற்றோரிடம் இருக்கிறது. கூட்டத்தில் இருக்கிறதா என்பது வேறு விஷயம். நான் கண்ட ஒரு பள்ளியில் கூட்டம் வேலை நாளில், காலை பதினோரு மணிக்கு. வந்தவர்கள் நான்கு பேர். மறுநாள் தீர்மான நோட்டு வீடு வீடாகப் போனது. "அக்கா, இந்த இடத்துல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க, சார் அனுப்பினாரு." அக்காவும் போட்டார். என்ன தீர்மானம் என்று அவரும் கேட்கவில்லை, கொண்டுபோன பையனுக்கும் தெரியாது. இந்த நிலையில் இருக்கும் பள்ளிக்கு வெளியிலிருந்து எவ்வளவு பணம் வந்தாலும் அது பெற்றோரைத் தாண்டித்தான் போகும்.

பெற்றோரிடமே வாங்குவது

எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி இது. ஆளுக்கு 200, 300 ரூபாய். நான் இதற்கு எதிர். எட்டாம் வகுப்பு வரை இலவசக் கல்வி என்பது சட்டம் தந்த உரிமை. அரசுப் பள்ளியில் யாரிடமும் கட்டாயமாக ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. "விருப்பம் இருந்தா குடுங்க" என்று சொன்னாலும், பெயரும் தொகையும் நோட்டில் ஏறும்போது அங்கே விருப்பம் என்று எதுவும் மிஞ்சாது. கொடுக்க முடியாத அம்மா அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். கேட்டால் "வேலை இருக்கு" என்பார். கூச்சம்தான் காரணம்.

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 2025–26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 336 ரூபாயாக இருந்தது. வேலை நாளில் பகல் கூட்டத்துக்கு வரும் அம்மா அந்தக் கூலியை விட்டுவிட்டு வருகிறார். அவர் ஏற்கெனவே நன்கொடை கொடுத்தாயிற்று, எந்த ரசீதிலும் அது ஏறவில்லை, அவ்வளவுதான். கூட்டத்தை மாலை ஆறு மணிக்கோ ஞாயிற்றுக்கிழமையோ வைத்தால் பெற்றோருக்கு அந்தக் கூலி மிச்சம், பள்ளிக்கு இருபது பேரின் யோசனை மிச்சம். பைசா செலவில்லாமல் செய்யக்கூடிய முதல் சீர்திருத்தம் இதுதான்.

பெற்றோரிடம் கேட்க வேண்டியது நேரமும் கைத்தொழிலும். ஒரு பிள்ளையின் அப்பா கொத்தனாராக இருப்பார், ஒருவர் எலக்ட்ரீஷியன், ஒருவர் பெயிண்டர். பள்ளியில் ஃபேன் சுற்றாமல் இருந்தால் டவுனிலிருந்து ஆள் வர வேண்டிய அவசியம் இல்லை. காலை உணவை ருசி பார்க்க வாரத்துக்கு இரண்டு அம்மாக்கள் முறை வைத்துப் போகலாம். ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான அந்தக் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. உப்புமாவில் உப்பு கூடியதா, கிச்சடியில் காய் இருந்ததா என்று ஒரு அம்மாவுக்குத் தெரிகிற மாதிரி வேறு எந்த அதிகாரிக்கும் தெரியாது. பள்ளிக்குள் வாரா வாரம் காலடி வைக்கும் பெற்றோர், கூட்டத்தில் தானாகவே வாய் திறப்பார்.

தலைக்கட்டு வரி

"கோயில் திருவிழாவுக்கு வசூல் பண்ற மாதிரி பள்ளிக்கும் பண்ணிட்டா என்ன?" இது பெரியவர்கள் வாயிலிருந்து வரும் யோசனை. ஊரில் வரி வசூலிக்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது, நோட்டு இருக்கிறது, வசூலிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரே மாதத்தில் நல்ல தொகை சேர்ந்துவிடும். நடைமுறையில் பார்த்தால் இதைவிட வேகமான வழி கிடையாது.

ஆனால் பல ஊர்களில் அந்த வரி நோட்டில் காலனிக் குடும்பங்களின், அதாவது தலித் குடும்பங்களின், பெயர் இருக்காது. அவர்களிடம் வரி வாங்குவதில்லை, அதனால் திருவிழாவில் மரியாதையும் இல்லை. அதே சமயம், ஊரில் வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றி மெட்ரிக் பள்ளிக்கு அனுப்பிவிட்ட பிறகு, ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் மிஞ்சி இருப்பது பெரும்பாலும் அந்தக் காலனிப் பிள்ளைகள்தான். இப்போது வரி நோட்டை வைத்துப் பள்ளிக்குப் பணம் சேர்த்தால் என்ன ஆகும்? படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் கொடுத்தவர்கள் பட்டியலில் இருக்க மாட்டார்கள். பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாதவர் "நாங்க கட்டின சுவர்" என்று பேசுவார். ஆண்டு விழாவில் நாற்காலி யாருக்கு, கொடி ஏற்றுவது யார் என்பதில் அது தெரிந்துவிடும். உங்கள் ஊர் நோட்டில் எல்லாத் தெருவும் இருக்கிறது என்றால் சரி, செய்யுங்கள். இல்லையென்றால் இந்த வழிப் பணம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வேண்டாம் என்பதே என் கருத்து.

கல்விச் சீர்

கல்விச் சீரைப் பார்த்தவர்களுக்கு அதன் அழகு தெரியும். கல்யாணத்துக்குச் சீர் கொண்டுபோவது போலவே தாம்பாளத் தட்டுகள் வரிசையாக வரும். முன்னால் மேளம். தட்டில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு நோட்டு, பென்சில் டப்பா, சுவர்க் கடிகாரம். பின்னால் ஆண்கள் தோளில் பிளாஸ்டிக் நாற்காலிகள், இரண்டு பேர் தூக்கி வரும் பீரோ, டிராக்டரில் தண்ணீர்த் தொட்டி. தலைமையாசிரியர் வாசலில் நின்று சந்தனம் கொடுத்து வரவேற்பார். தன் அம்மா தலையில் தட்டோடு பள்ளிக்குள் வருவதைப் பார்க்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பள்ளி அன்றைக்கு அதற்குச் சொந்தமாகிவிடும்.

இப்படி ஊர் சேர்ந்து பள்ளிக்குக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. 1950களின் பிற்பகுதியில், காமராசர் முதல்வராகவும் நெ.து.சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராகவும் இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. பள்ளிக்கு என்ன தேவை என்று பட்டியல் போட்டார்கள். பெஞ்சு, கரும்பலகை, கட்டடம், நிலம் என்று மக்கள் முன்வந்து கொடுத்தார்கள். அந்தக் காலத்து மதிய உணவும் அரசு தனியாக நடத்தியதல்ல, ஊராரின் பங்களிப்போடுதான் நடந்தது.

கல்விச் சீரின் பலம், அரைக் கிலோ சோப்புத்தூள் பாக்கெட் கொண்டுவந்தவரும் பீரோ கொண்டுவந்தவரும் ஒரே ஊர்வலத்தில் வருகிறார்கள் என்பது. தொகை அறிவிப்பு கிடையாது, தட்டுதான். இந்த ஒரு காரணத்துக்காகவே பெற்றோரிடம் பணம் வசூலிப்பதைவிட இதை நான் நூறு மடங்கு மேலாக வைப்பேன். ஆனால் ஊர்வலம் எந்தத் தெருவிலிருந்து கிளம்புகிறது என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். காலனியிலிருந்து கிளம்பி ஊர் வழியாகப் பள்ளிக்கு வரட்டும். இதைக் குழுக் கூட்டத்தில் பேசித் தீர்மானமாக எழுதிவிட்டால், அன்றைக்குத் தகராறு வராது.

பலவீனமும் உண்டு. பட்டியல் இல்லாமல் கல்விச் சீர் நடத்தினால் ஆறு சுவர்க் கடிகாரம் வரும், ஒரு கழிப்பறை பிரஷ்ஷும் வராது. கடிகாரத்தைக் கொடுப்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது, பிரஷ்ஷில் இல்லை. அதனால் பதினைந்து நாள் முன்பே பட்டியல் ஒட்ட வேண்டும். எது எத்தனை வேண்டும், யார் எதை எடுத்துக்கொண்டார் என்பது டீக்கடைப் பலகையில் இருக்கட்டும். இன்னொன்று, இது வருஷத்தில் ஒரு நாள். மோட்டார் ஜூலையில் எரியும், ஜனவரியில் எரியும். சீரில் வந்த பீரோவை விற்றா எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்ட முடியும்?

முன்னாள் மாணவர்கள்

தொடர்ந்து வரும் பணம் என்றால் என் முதல் தேர்வு இவர்கள்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில், சென்னையில் ஐ.டி.யில், சிங்கப்பூரில், துபாயில் என்று பரவி இருப்பார்கள். நாற்பது பேர் மாதம் நூறு ரூபாய் போட்டால் வருஷத்துக்கு 48,000. அறுபது பிள்ளைகள் உள்ள பள்ளியின் அரசு மானியத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மாதம் 4,000 ரூபாய் என்றால் கழிப்பறை கழுவ வருபவருக்குக் கொஞ்சம் கூடுதல் சம்பளம், சோப்பு, மோட்டார் பழுது என்று அன்றாடப் பாட்டைப் பார்த்துக்கொள்ளலாம். கிராமப் பள்ளியில் கழிப்பறை பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் கட்டடம் இல்லாமை அல்ல. கழுவ ஆள் நிலைக்காதது, ஆளுக்குக் கொடுக்கும் சம்பளம் அவ்வளவு குறைவு. பூட்டிய கழிப்பறையால் பெண் பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறார்கள். இதைவிட அவசரமான செலவு ஒரு தொடக்கப் பள்ளியில் எனக்குத் தெரியவில்லை.

சிக்கல் எங்கே என்றால், முன்னாள் மாணவர்களுக்கு நினைவில் இருப்பது அவர்கள் படித்த காலத்துப் பள்ளி. இன்றைய தேவை தெரியாது. குரூப்பில் உற்சாகமாகப் பேசி, "ஸ்மார்ட் கிளாஸ் வெச்சுக் குடுத்துடுவோம்டா" என்று முடிவு செய்து ஒரு பெரிய டி.வி.யோடு வந்து இறங்குவார்கள். அரசே 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகளைத் தொடக்கப் பள்ளிகளில் அமைக்கத் திட்டம் போட்டுச் செய்திருக்கிறது. ஏற்கெனவே திரை இருக்கும் பள்ளியில் இன்னொரு டி.வி. பெட்டியோடு பீரோ மேல் ஏறும். தேவையைச் சொல்வது மேலாண்மைக் குழு, கொடுப்பது முன்னாள் மாணவர்கள் என்ற வரிசை மாறக் கூடாது. குழுவில் அவர்களுக்கு இப்போது இடம் இருப்பதால் இது சுலபம்தான். ஊரிலேயே இருக்கும் ஒரு முன்னாள் மாணவர், முடிந்தால் பிள்ளையை அதே பள்ளியில் சேர்த்திருப்பவர், நடுவில் நின்று குரூப்புக்கும் குழுவுக்கும் பேச்சைக் கொண்டுபோனால் போதும்.

பெரிய தொகையாக ஒருவரிடம் வாங்குவதைவிட, சின்னத் தொகையாகப் பலரிடம் வாங்குவது மேல். ஒரே ஆள் இரண்டு லட்சம் கொடுத்தால் கல்வெட்டில் அவர் அப்பா பெயர் வரும், அடுத்த வருஷம் அவர் சொன்ன வண்ணத்தில் பெயிண்ட் அடிக்க வேண்டி வரும். நாற்பது பேர் நூறு நூறாகக் கொடுக்கும் இடத்தில் யாருக்கும் அந்த உரிமை இல்லை. இரண்டு பேர் நிறுத்திக்கொண்டாலும் பள்ளி தடுமாறாது.

கம்பெனிகளும் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி'யும்

கம்பெனிச் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவுப்படி, நிகர லாபம் ஐந்து கோடியோ விற்றுமுதல் ஆயிரம் கோடியோ நிகர மதிப்பு ஐந்நூறு கோடியோ உள்ள கம்பெனிகள், மூன்றாண்டு சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளில் கல்வியும் ஒன்று. ஆனால் அதே சட்டம், கம்பெனி இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், கோவைப் பக்கம் இருக்கும் பள்ளிக்கு இது பெரிய வாய்ப்பு. புதுக்கோட்டையின் உள்கிராமத்துப் பள்ளி மனு எழுதிக்கொண்டே இருக்கலாம்.

இந்த இடைவெளிக்குப் பாலமாகத்தான் 2022 டிசம்பர் 19 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தைத் தொடங்கினார். தொடங்கியபோது தொழிலதிபர் வேணு சீனிவாசன் தலைவர், செஸ் வீரர் விசுவநாதன் ஆனந்த் தூதர். தனிநபரோ, முன்னாள் மாணவரோ, கம்பெனியோ இணையதளத்தில் பள்ளியையும் தேவையையும் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டலாம். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஊரில் யார் கையிலும் ரொக்கம் கொடுக்க வேண்டியதில்லை என்பது இதில் பெரிய நிம்மதி. நன்கொடை பெரிதாக இருந்தால், ஊர்க் கணக்கில் சேர்ப்பதைவிட இந்த வழியில் போவதுதான் நல்லது.

கம்பெனிப் பணத்தில் எனக்கு உள்ள தயக்கம் வேறு. அவர்களுக்குத் திறப்பு விழா நடத்தக்கூடிய பொருள் வேண்டும்: வண்ணம் அடித்த வகுப்பறை, நூலக அலமாரி, குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம். இயந்திரத்தைப் பொருத்துவார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். ஆறு மாதம் கழித்து ஃபில்டர் மாற்றும் செலவு யாருடையது? பல பள்ளிகளில் ஓரமாக நிற்கும் அந்த இயந்திரங்களைப் பார்த்தால் பதில் தெரியும். கம்பெனியிடம் பேசும்போதே மூன்று வருஷப் பராமரிப்பையும் சேர்த்துக் கேளுங்கள். மறுத்தால், அந்தப் பொருளை வாங்குவதா வேண்டாமா என்று குழு மறுபடி யோசிக்கட்டும். வேண்டாம் என்று சொல்லவும் குழுவுக்கு உரிமை உண்டு.

கட்டடம் என்றால் அரசுதான்

ஊர்ப் பணத்தில் கட்டடம் கட்டும் ஆசை எல்லா ஊரிலும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். அதன் பிறகு மாநிலம் முழுக்கப் பழைய பள்ளிக் கட்டடங்களைச் சோதித்து இடித்தார்கள். பேராசிரியர் அன்பழகன் பெயரில் பள்ளிகளை மேம்படுத்த 7,000 கோடி ரூபாய்த் திட்டம் 2022இல் அறிவிக்கப்பட்டது. பிள்ளைகள் தலைக்கு மேல் நிற்கும் கூரைக்குப் பொறியாளரின் கையெழுத்தும் அரசின் பொறுப்பும் கட்டாயம் வேண்டும். தெரிந்த மேஸ்திரியை வைத்து மலிவாக முடிக்கும் வேலை இல்லை இது.

ஆனால் அரசிடம் கேட்கும் இடத்தில் ஊர் சும்மா இருக்க வேண்டியதில்லை. கிராம சபை இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது வருஷத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தைக் கிராம சபையில் வைத்து அங்கேயும் தீர்மானமாக்கினால் அதற்கு எடை கூடும். ஐந்து பேர் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசுக்கு மனுவோடு போவதற்கும், கிராம சபைத் தீர்மான நகலோடு போவதற்கும் வித்தியாசம் நாற்காலியில் உட்காரச் சொல்வதிலேயே தெரியும்.

சுற்றுச்சுவர் மாதிரி வேலைகளுக்கு நமக்கு நாமே திட்டமும் உண்டு. 1997–98இல் வந்தது, 2021இல் மறுபடி உயிர்பெற்றது. மக்கள் பங்கு மூன்றில் ஒன்று, மீதி அரசு. ஊர் ஒரு லட்சம் சேர்த்தால் மூன்று லட்சத்துக்கு வேலை நடக்கும். முன்னாள் மாணவர்களிடமிருந்து ஒருமுறை பெரிய தொகை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அதைப் போடச் சரியான இடம் இதுதான்.

எந்தப் பள்ளிக்கு எது

முப்பது பிள்ளைகளுக்குக் குறைவான பள்ளி என்றால் நான் வசூலில் இறங்கவே மாட்டேன். அங்கே முதல் வேலை சேர்க்கை. அங்கன்வாடியில் இருக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்குப் பெற்றோர்களே போய்ப் பேசுவது, கல்விச் சீரை ஜூன் மாதத்தில் சேர்க்கை விழாவோடு சேர்த்து நடத்துவது. ஊர்வலத்தைப் பார்த்து வேன் பிள்ளைகளின் அம்மாக்கள் சிலர் யோசிப்பார்கள். பிள்ளைகள் கூடினால் மானியமும் கூடும். கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது வரை இரண்டு ஆசிரியர், அறுபத்தொன்று ஆனால் மூன்று ஆசிரியர். எந்த நன்கொடையாலும் வாங்க முடியாதது அந்த மூன்றாவது ஆசிரியர்.

ஐம்பது, அறுபது பிள்ளைகள் உள்ள சராசரிப் பள்ளிக்கு என் தேர்வு, மாதாமாதம் முன்னாள் மாணவர்களின் நூறு ரூபாயும் வருஷத்துக்கு ஒருமுறை பட்டியலோடு கல்விச் சீரும். கட்டடத்துக்குக் கிராம சபைத் தீர்மானம். பெற்றோரிடம் பணம் வேண்டாம். தொழிற்பேட்டைப் பக்கம் இருக்கும் நூறு பேருக்கு மேற்பட்ட பள்ளிகள் கம்பெனிகளோடு பேசலாம், பராமரிப்பு ஒப்பந்தத்தோடு.

ஆசிரியர் பற்றாக்குறைக்கு ஊர்ப் பணத்தில் ஆள் வைக்கும் பழக்கம் மட்டும் எந்த அளவுப் பள்ளிக்கும் எனக்கு உடன்பாடில்லை. படித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு மூவாயிரமோ நாலாயிரமோ கொடுத்து வகுப்பு எடுக்க வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அன்றைக்கு வகுப்பு நடக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது கூலியே இல்லை. காலியிடம் கண்ணில் படாமல் போவதால் அரசும் அவசரப்படாது. ஒருவேளை வைத்தே ஆக வேண்டும் என்றால், ஒரு பருவத்துக்கு மட்டும் என்று தேதி போட்டு, அதே தீர்மானத்தில் காலியிடத்தை நிரப்பக் கோரும் மனுவையும் சேர்த்து எழுத வேண்டும்.

கணக்கு

எந்த வழியாக இருந்தாலும் பணம் மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கில்தான் விழ வேண்டும். தனியாள் ஜி-பே எண் வேண்டவே வேண்டாம். அது தலைமையாசிரியரின் எண்ணாக இருந்தாலும் சரி, எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் சரி. நேர்மையானவரைத்தான் முதலில் சந்தேகப் பேச்சிலிருந்து காப்பாற்ற வேண்டும். மாதக் கடைசியில் வரவு, செலவு, இருப்பு மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பள்ளி வாசலில் ஒட்டுங்கள். எழுதுவது குழுத் தலைவராக இருக்கும் அம்மாவாகவே இருக்கட்டும். எழுதத் தயங்கினால் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுதட்டும், அவர் பக்கத்தில் நின்று சொல்லட்டும். பினாயில் இரண்டு லிட்டர், காயில் கட்டிய கூலி, பல்பு மூன்று என்று தமிழில், பெரிய எழுத்தில். அந்தத் தாளைப் படித்துவிட்டு ஒரு அப்பா "போன மாசமும் காயில் கட்டினீங்களே, மறுபடி ஏன்?" என்று கேட்டால், அவரை அடுத்த கூட்டத்துக்குக் கட்டாயம் கூப்பிடுங்கள். மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அவரிடமே கொடுக்கலாம்.